வன்னிப் பாடசாலையில் ஆங்கிலப் பாடம்: திட்டமிடலும் கணிப்பீடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலயக் கூட்டங்களிலும் செயலமர்வுகளின் தேநீர் இடைவேளையிலும் மாங்குளம் சந்தியில் பஸ்சுக்கு நிற்கும்போதும் புதிய ஆங்கில ஆசிரியர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே எழுதி, கீழே பதிலும் போட்டிருக்கிறேன். 6ஆம் வகுப்பிலிருந்து 11ஆம் வகுப்பு வரைக்குமான விஷயங்கள் இவை. கிளிநொச்சி, வவுனியா நகரப் பாடசாலைகளை விட, துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மடுப் பக்கத்துச் சின்னப் பாடசாலைகளை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். ஒழுங்காக வாசித்தால் நல்லது. பின்னுக்கு வரும் பதில்கள் முன்னுக்குச் சொன்னதைத் திருப்பிச் சொல்லாது.

ஆசிரியர் வழிகாட்டி கையிலை இருக்கு. அதுக்குப் பிறகும் ஏன் தனியாத் திட்டம் எழுத வேணும்?

மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் வழிகாட்டி, பிள்ளை எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதைச் சொல்கிறது. ஒலிகளை இனங்காணல், எழுத்தின் நெறிமுறை, கவனித்துக் கேட்டல், சொல்வளம், வாசித்துத் தகவல் எடுத்தல், இலக்கணம், ஆக்க எழுத்து, தெளிவாகப் பேசுதல் என்று 8 தேர்ச்சிகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே தேர்ச்சி மட்டங்கள். இவற்றை மாற்றும் வேலை உங்களுடையது அல்ல.

உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்பது மட்டும் அந்தப் புத்தகத்தில் இருக்காது. கொழும்பிலும் பாண்டியன்குளத்திலும் அதே வழிகாட்டிதான். ஆகவே நீங்கள் எழுதும் திட்டத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும்: பிள்ளைகளுக்கு இப்போது என்ன முடியும், தவணை முடியும்போது எதைச் செய்யக்கூடியவர்களாக இருக்க வேண்டும், அது நடந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பேன். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நான் அதை முதலில் எழுதச் சொல்வேன். ‘கடிதம் எழுதுதல்’ என்று திட்டத்தில் போடாமல், ‘சுகயீன லீவு கேட்டு அதிபருக்கு ஐந்து வசனக் கடிதம் எழுதுவார்’ என்று போட்டுப் பாருங்கள். என்ன படிப்பிக்க வேண்டும் என்பது தானாகவே வரிசையாகி வரும்.

ஒரு தவணையிலை உண்மையா எத்தினை பாடவேளை கிடைக்கும்?

வாரத்துக்கு ஐந்து பாடவேளை, தவணைக்கு 13 வாரம் என்றால் கடதாசியில் 65. அந்த 65ஐயும் நம்பித் திட்டம் போட்டால் கடைசி இரண்டு அலகுகள் எப்போதும் தொங்கும்.

முதலாம் தவணையில் தைப்பொங்கல், இல்ல மெய்வல்லுநர் போட்டி. அதோடு காலபோக வெட்டும் வந்துவிடும், பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் வயலில் நிற்பார்கள். இரண்டாம் தவணையில் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், யூலை 2இல் மடுத் திருவிழா, நடுவில் தமிழ்த் தினப் போட்டி, ஆங்கில தினப் போட்டி. மூன்றாம் தவணையில் மாரி. குளம் வான் பாய்ந்து பாதையை மூடினால், பஸ் ஓடினாலும் உள் கிராமத்துப் பிள்ளை வராது. தவணைப் பரீட்சை வாரத்தையும் கழியுங்கள்.

45 பாடவேளைக்குத் திட்டமிடுங்கள் என்பது என் கணக்கு. மிஞ்சுவதை வெறுமையாக விடாமல், ‘திரும்பப் பார்த்தல்’ என்று பெயர் போட்டு வையுங்கள். பாரமான விஷயங்களை இரண்டாம் தவணையின் முதல் பாதியில் வையுங்கள், வரவு ஓரளவு சீராக இருக்கும் காலம் அதுதான். புதிய காலவடிவத்தை மழை பெய்யும் நவம்பரில் தொடங்க வேண்டாம். பாடசாலை விட்ட பிறகு மேலதிக வகுப்பு வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள், யானை நடமாடும் பாதையால் வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலையிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பிச்சால் போதாதா?

போதாது. தேவையும் இல்லை. புத்தகம் தேர்ச்சிகளுக்குப் போக ஒரு வழி, அவ்வளவுதான். ஒரு அலகில் ஏழெட்டுச் செயற்பாடுகள் இருந்தால், எந்தத் தேர்ச்சி மட்டத்துக்கு எது என்று பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். ஒரே மட்டத்துக்கு மூன்று செயற்பாடு இருந்தால் ஒன்றை வகுப்பில் செய்து, ஒன்றை வீட்டுக்குக் கொடுத்து, மற்றதை விட்டுவிடலாம்.

வாசிப்புப் பகுதி வகுப்புக்குப் பாரமா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. 100 சொல் வருமளவு பகுதியைக் கொடுத்துத் தெரியாத சொல்லுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். 2 சொல்லளவில் தெரியாவிட்டால் பிள்ளை தானாக வாசித்து விளங்கும். 5ஐத் தாண்டினால் உங்கள் கை பிடிப்பு வேண்டும். வாசிப்பு ஆய்வுகளில் பல காலமாகச் சொல்லப்படும் அளவு இது. 20 சொல்லுக்குக் கோடு விழுந்தால் பகுதியைச் சுருக்கி நீங்களே திருப்பி எழுதுங்கள்.

புத்தகச் செயற்பாட்டை ஊருக்கு மாற்றுவதும் பெரிய வேலை இல்லை. நேர அட்டவணை பற்றிய பாடமா? பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பஸ் நேரங்களை இரண்டு துண்டில் எழுதுங்கள். ஒரு துண்டில் இருப்பது மற்றதில் இல்லாதபடி இடைவெளி விடுங்கள். இரண்டு பிள்ளைகள் முதுகுக்கு முதுகு இருந்து ஆங்கிலத்தில் கேட்டு நிரப்ப வேண்டும். எட்டிப் பார்க்க முடியாததால் கேட்டே ஆக வேண்டும். புதுக்குடியிருப்பு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதற்குப் பிள்ளைக்கு உண்மையான காரணம் இருக்கிறது.

ஆறாம் வகுப்பிலை பத்துப் பேருக்கு எழுத்தே தெரியாது. திட்டத்திலை இவையளை எங்கை வைக்கிறது?

முதல் வாரத்திலேயே கண்டுபிடியுங்கள், தவணைப் பரீட்சை வரை பொறுக்க வேண்டாம். ஆளுக்கு இரண்டு நிமிடம்: கலந்து எழுதிய எழுத்துக்களில் பத்து, மூன்றெழுத்துச் சொற்களில் பத்து, சின்ன வசனம் இரண்டு. எங்கே நின்றுவிடுகிறது என்று குறித்தால் வகுப்பு மூன்று குழுவாகத் தானாகவே பிரியும். புள்ளி போட வேண்டாம். பிள்ளைக்கு முன்னால் ‘உனக்கு இதுகூடத் தெரியாதா’ என்ற முகத்தையும் காட்ட வேண்டாம்.

எழுத்துப் பெயரை ஒப்புவிக்கும் பிள்ளைக்கு வாசிக்கவும் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். சி, ஏ, ரீ என்று பெயர் சொல்லிப் பழகிய பிள்ளை மூன்றையும் சேர்த்து ‘கற்’ என்று எப்படி வாசிக்கும்? தமிழில் பெரும்பாலும் எழுதியபடியே வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் 26 எழுத்துக்கு ஏறக்குறைய 44 ஒலி. ஆகவே எழுத்தின் ஒலியிலிருந்து தொடங்குங்கள். எஸ், ஏ, ரீ, பீ, ஐ, என் என்ற ஆறோடு தொடங்குவது உலகெங்கும் பழகிய ஒழுங்கு, ஏனென்றால் அந்த ஆறை வைத்தே நிறையச் சின்னச் சொற்கள் கட்டலாம். p, b என்ற இரண்டு ‘பீ’ எழுத்தும் தமிழ்ப் பிள்ளைக்குக் காதில் ஒன்றாகவே கேட்கும். அந்த இணைக்கு மட்டும் நாலைந்து நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

இதற்குத் தனிப் பாடவேளை கிடைக்காது. ஒவ்வொரு பாடவேளையிலும் முதல் 10 நிமிடத்தை எடுங்கள். மற்றப் பிள்ளைகள் அந்த நேரம் மௌன வாசிப்பில் இருக்கட்டும். 45 பாடவேளை என்றால் அதுவே 450 நிமிடம். ஒரு தவணையில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்க அது போதுமான நேரம்.

வகுப்பிலை முழுக்க இங்கிலீசிலைதான் கதைக்க வேணுமோ? தமிழ் பாவிச்சால் மேற்பார்வைக்கு வாறவை பிழை எண்டு சொல்லுவினம்.

அன்றாடம் திரும்பத் திரும்ப வருபவை எல்லாம் ஆங்கிலத்தில்: கொப்பியைத் திற, சோடியாக இரு, யார் முடித்தது, இன்னொருக்கால் சொல். இலக்கணத்தின் ஒரு நுணுக்கத்தை விளக்கத் தமிழில் இரண்டு நிமிடம் போனால் ஒரு குற்றமும் இல்லை. அதை ஆங்கிலத்தில் இருபது நிமிடம் விளக்கி யாருக்கும் விளங்காமல் போவதுதான் நட்டம். நீங்கள் தமிழை எதற்குப் பாவிக்கிறீர்கள் என்று சொல்ல முடிந்தால் மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்லலாம்.

வினாத்தாளிலும் இதே கதைதான். 6ஆம், 7ஆம் வகுப்பில் அறிவுறுத்தலைத் தமிழிலும் போடுங்கள். பிள்ளைக்குப் பகுதி விளங்கியதா என்று பார்க்கப் போய், ‘அடிக்கோடிடுக’ என்பதற்கு ஆங்கிலம் தெரியாததற்காகப் புள்ளி வெட்டக்கூடாது.

பாடக்குறிப்பு ஒவ்வொரு நாளும் எழுதத்தான் வேணுமா?

எழுதத்தான் வேண்டும், ஆனால் அரைப் பக்கம் போதும். என்ன நடந்தது என்று பாடம் முடிந்த பிறகு கீழே எழுதும் ஒரு வரிதான் அதில் பெறுமதியானது. ‘கேள்வி கேட்க வரவில்லை, நாளை திரும்பவும்’ என்ற மாதிரி. போன வருடத்துக் குறிப்பைத் திகதி மாற்றி எழுதுபவர்களுக்கு இந்த வரி எழுத வராது.

கணிப்பீடு எண்டாலே தவணைப் பரீட்சைதானே?

தவணைப் பரீட்சை தவணை முடியும்போதுதான் வரும். அதன் முடிவு வரும்போது அலகு முடிந்து, பிள்ளை மறந்து, நீங்களும் அடுத்ததற்குப் போயிருப்பீர்கள். அதைக் கொண்டு தேர்ச்சி அறிக்கை நிரப்பலாம், நாளைய பாடத்தைத் திருத்த முடியாது.

நாளைய பாடத்தைத் திருத்துவது சின்னக் கணிப்பீடு. பாடம் முடிய 5 நிமிடம் இருக்கும்போது ஒரு துண்டுக் கடதாசியில் ஒரே ஒரு வசனம் எழுதி வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிவப்புப் பேனையால் திருத்தத் தேவையில்லை. சரி, அரைகுறை, பிழை என்று மூன்று அடுக்காகப் பிரியுங்கள். மூன்றாவது அடுக்கு உயரமாக இருந்தால் அடுத்த நாள் புதுப் பாடம் தொடங்க வேண்டாம். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குச் சான்று கேட்கும்போதும் இந்தத் துண்டுகள் உதவும்.

பேசுறதுக்கு எப்பிடிப் புள்ளி போடுறது? வகுப்பிலை நாற்பது பிள்ளையள்.

நாற்பது பேரையும் ஒரே நாளில் வரிசையாக நிற்கவைத்து ‘மைசெல்ஃப்’ ஒப்புவிக்கச் சொன்னால் நீங்கள் அளப்பது மனப்பாடத்தை. ஒரு பாடவேளைக்கு நாலு பேர் என்று எடுங்கள். ஐந்து பாடவேளையில் 20, இரண்டு வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும். மற்றவர்கள் சோடி வேலையில் இருக்கும்போது, பெயர்ப் பட்டியலோடு பக்கத்தில் போய் நின்று கேளுங்கள். யார் இன்று என்று முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

அளவுகோல் சின்னதாக இருக்கட்டும். பதில் இல்லாவிட்டால் 0. ஒன்றிரண்டு சொல்லோ தமிழ் கலந்தோ என்றால் 1. சொற்களைக் கோத்துச் சொல்கிறது, கேட்பவர் முயன்றால் விளங்கும் என்றால் 2. வசனமாக வருகிறது, பிழை இருந்தாலும் கருத்துக்கு இடைஞ்சல் இல்லை என்றால் 3. தானாகத் தொடர்ந்து, திருப்பியும் கேள்வி கேட்டால் 4. உச்சரிப்பு அழகுக்குத் தனியாகப் புள்ளி வேண்டாம். வீட்டில் ஆங்கிலத் தொலைக்காட்சி பார்க்கும் பிள்ளைக்குத்தான் அது போய்ச் சேரும்.

இப்படி ஒரு நடிப்பு வைத்துப் பாருங்கள்: முறிகண்டியில் பஸ் நிற்கிறது. ஒரு பிள்ளை கச்சான் விற்கிறது, மற்றது தெற்கிலிருந்து வந்த, தமிழ் தெரியாத பயணி. விலை கேட்க வேண்டும், கூட என்று சொல்ல வேண்டும், மிச்சக் காசு வாங்க வேண்டும். பஸ் கோன் அடித்தவுடன் முடித்துவிட வேண்டும். ‘ஹவ் மச்?’ என்ற இரண்டு சொல்லோடு நிற்கிற பிள்ளைக்கு 1, ‘ரூ மச். கிவ் மீ ஃபிஃப்ரி ருப்பீஸ் பீனற்ஸ்’ என்று சமாளிக்கும் பிள்ளைக்கு 2, ‘கன் யூ கிவ் மீ எ ஸ்மோல் பக்கெற்?’ என்றால் 3. இரண்டாவது பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் வகுப்பை மட்டும் அடக்கி வையுங்கள். உண்மையான முறிகண்டியில் அதற்குக் கச்சான் கிடைத்துவிடும்.

கேட்டலுக்கு றெக்கோடரும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. அதை விட்டுவிடலாமோ?

விடக்கூடாது. உங்கள் குரல் இருக்கிறது, கைத்தொலைபேசி இருக்கிறது. வேறு பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் ஒரு நிமிடக் குரல்பதிவு கேட்டு வாங்கினால் பிள்ளைகளுக்குப் பழகாத குரலும் கிடைக்கும். சொல்வதெழுதலைக் கிழவி வைத்தியம் என்று தள்ள வேண்டாம். நாலு வசனத்தை இயல்பான வேகத்தில் இரண்டு முறை சொல்லி எழுதவிட்டால், சொற்களை எங்கே பிரிக்கத் தெரியவில்லை என்று உடனே தெரியும். எழுதத் தடுமாறும் பிள்ளைகளுக்குப் படம்: நீங்கள் ஆங்கிலத்தில் வழி சொல்ல, அவர்கள் குளம், கோயில், பாடசாலை, கடை என்று வரைபடத்தில் குறிக்கட்டும்.

வினாத்தாள் நானே தயாரிக்கிறன். நல்ல தாளெண்டு எப்பிடித் தெரியும்?

எழுதத் தொடங்கமுன் ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் இந்தத் தவணையில் படிப்பித்த தேர்ச்சி மட்டங்கள், மேலே வாசிப்பு, எழுத்து, சொல், இலக்கணம். ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை புள்ளி என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். பாடவேளைகளில் பாதியை வாசிப்புக்குச் செலவழித்துவிட்டு, தாளில் 60 புள்ளி இலக்கணத்துக்குப் போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பெரும்பாலான தாள்கள் இலக்கணப் பக்கம் சரிவதற்குக் காரணம், அந்தக் கேள்விகளைத் தயாரிப்பதும் திருத்துவதும் சுகம் என்பதுதான்.

அடுத்தது வாசிப்புப் பகுதி. பாடப்புத்தகத்தில் இருப்பதையே போட்டால் நீங்கள் பார்ப்பது ஞாபகசக்தி. புதிய பகுதி, ஆனால் முன்னே சொன்ன 100 சொல் அளவுக்குள் இருக்க வேண்டும். பிறகு கேள்விகளைச் சோதியுங்கள். அர்த்தமில்லாத சொற்களால் கட்டிய இந்த வசனத்தைப் பாருங்கள்: ‘மொங்கன் சீலிக்குப் போய்த் துண்ணியைக் கொட்டினான். மொங்கன் எங்கே போனான்? எதைக் கொட்டினான்?’ இரண்டுக்கும் நீங்கள் சரியான பதில் சொல்வீர்கள், ஆனால் ஒன்றும் விளங்கியிருக்காது. எங்கள் வாசிப்புக் கேள்விகளில் பாதி இந்த இனம். பகுதியில் உள்ள வசனத்தைத் தேடிப் பிடித்து எழுதினால் புள்ளி. அவற்றில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை, ஏன், இதிலிருந்து என்ன தெரிகிறது, எது முதலில் நடந்தது என்ற பக்கம் திருப்புங்கள். பதிலைத் தமிழில் எழுதவிட்டால்கூட வாசிப்பைத்தான் அளக்கிறீர்கள்.

திருத்தி முடிந்த பிறகு அரை மணித்தியாலம் ஒதுக்கி ஒவ்வொரு கேள்விக்கும் சரியாக எழுதியவர்களை எண்ணுங்கள். 36 பேரில் 34 பேர் சரி என்றால் அது தொடக்கத் தைரியத்துக்கான கேள்வி, இருக்கட்டும். 3 பேர் மட்டும் சரி என்றால் கேள்வி பிழையா, படிப்பித்தல் பிழையா என்று பார்க்க வேண்டும். மேலே நிற்கும் 10 பேரில் பலர் பிழைவிட்டு, கீழே நிற்கும் 10 பேர் சரியாக எழுதிய கேள்வி ஏதும் இருந்தால் அந்தக் கேள்வியிலேயே ஏதோ குழப்பம் இருக்கிறது. அடுத்த முறை அதைப் போட வேண்டாம்.

கட்டுரையிலை பிழை எல்லாத்துக்கும் சிவப்பாலை வட்டம் போடுறன். பிள்ளை அதே பிழையைத் திருப்பித் திருப்பி விடுது.

சிவந்த கொப்பியைப் பிள்ளை மூடி வைக்கும். அவ்வளவு வட்டத்தில் எதைப் பார்ப்பது? ஒரு எழுத்து வேலைக்கு ஒரே ஒரு பிழை வகையை எடுங்கள், அதை வகுப்புக்கு முன்னமே சொல்லிவிடுங்கள். தமிழ்ப் பிள்ளைகளின் பிழைகள் எண்ணிக்கையில் அதிகம், வகையில் குறைவு. ‘மை ஃபாதர் வேர்க் இன் பாடி ஃபீல்ட்’ என்ற ஒரு வசனத்திலேயே இரண்டு பெரிய வகை கிடக்கிறது: வினையின் கடைசியில் எஸ் இல்லை, வயலுக்கு முன்னால் ‘எ’யோ ‘த’வோ இல்லை. தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் இந்த இரண்டாவது 11ஆம் வகுப்பு வரை வரும், பல்கலைக்கழகத்துக்கும் போகும். முதலாவதை இந்தத் தவணையில் பிடியுங்கள். இரண்டாவதோடு பொறுமையாக இருங்கள்.

வட்டத்துக்குப் பதிலாக வரியின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி போடுங்கள்: இந்த வரியில் ஒன்று இருக்கிறது, தேடு. தேடித் திருத்திய பிறகு புள்ளி போடுங்கள். உள்ளடக்கத்துக்கும் மொழிக்கும் ஒழுங்கமைப்புக்கும் தனித்தனியாகப் புள்ளி பிரித்துவிட்டால், பிழை மலிந்திருந்தாலும் நல்ல கதை சொல்லும் பிள்ளை அடியோடு விழாது. முடிந்தால் ஐந்து கொப்பியைப் பக்கத்துப் பாடசாலை ஆசிரியரிடமும் கொடுத்துத் திருத்துவித்துப் பாருங்கள். ஒரே கட்டுரைக்கு நீங்கள் 7, அவர் 12 என்றால் புள்ளித்திட்டத்தை இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

சாதாரண தரத்துக்குக் கடந்தகால வினாத்தாளைப் பத்தாம் வகுப்பிலேயே செய்யத் தொடங்கலாமா?

தாளின் உருவத்தைக் காட்டலாம், அதையே பாடமாக்கக் கூடாது. முதலாம் தாள் 1 மணித்தியாலம், 40 புள்ளி; இரண்டாம் தாள் 2 மணித்தியாலம், 60 புள்ளி; இரண்டிலும் சேர்த்து 16 சிறு சோதனைகள். அதில் கேட்டலும் பேசுதலும் இல்லை. அதனால்தான் பல பாடசாலைகளில் 8 தேர்ச்சிகளில் இரண்டு மூன்று சத்தமில்லாமல் செத்துப் போகின்றன. 10ஆம் வகுப்பில் தேர்ச்சிகளைப் படிப்பித்து, அலகு முடியும்போது அதோடு பொருந்தும் ஒரு சோதனையைக் கடந்தகாலத் தாளிலிருந்து எடுத்துக் கொடுங்கள். முழுத் தாளை மணிக்கூடு வைத்துச் செய்வது 11ஆம் வகுப்பின் பிற்பாதிக்கு. கோவிட்டுக்குப் பிறகு பரீட்சைத் திகதிகள் நகர்ந்தபடியே இருந்தன: 2023ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2024 மேயில், 2024ஆம் ஆண்டுக்கானது 2025 மார்ச்சில். ஆகவே மாதத்தை வைத்துத் திட்டமிடாமல், பரீட்சைக்கு எத்தனை வாரம் என்று பின்னாலிருந்து எண்ணுங்கள்.

25 புள்ளியில் நிற்கும் பிள்ளையை 35க்குக் கொண்டுவருவது தனி வேலை. அந்தப் பிள்ளைக்குப் படம் பார்த்துச் சொல் எழுதுவது, அறிவித்தல் வாசிப்பது, சின்னக் குறிப்பு எழுதுவது என்று முதலாம் தாளின் பகுதிகளில் நம்பிக்கை வரச் செய்யுங்கள். 35க்குக் கிடைக்கும் எஸ் என்ற சாதாரண சித்தியை எடுப்பது கௌரவக் குறைவு இல்லை. ‘ஆங்கிலம் இல்லாட்டியும் உயர்தரம் படிக்கலாம்’ என்று பிள்ளைகள் சொல்வதும் உண்மைதான். தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடச் சித்தி, அதில் 3 திறமைச் சித்தி இருந்தால் போதும். மறுத்துப் பேசிப் பயனில்லை. உயர்தரத்திலும் பொது ஆங்கிலம் காத்திருக்கிறது, பல்கலைக்கழகத்தில் பல பாடநெறி ஆங்கிலத்தில்தான் என்பதை அங்கே படிக்கும் ஊர்ப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்ல வையுங்கள். உங்கள் வாயால் சொன்னால் எடுபடாது.

ஒரு வருசமா ஆங்கில ஆசிரியர் இல்லாமல் இருந்த வகுப்பு. எட்டாம் வகுப்பு எடுக்கிறன். ஆறிலையிருந்து தொடங்கவா?

வேண்டாம். மூன்று வருடப் பாடத்தை ஒரு வருடத்தில் ஓட முடியாது. 13 வயதுப் பிள்ளைக்கு 6ஆம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் வெட்கமும் வரும். 6ஆம், 7ஆம், 8ஆம் வகுப்பு வழிகாட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே தேர்ச்சி மூன்றிலும் ஏறுவரிசையில் போகும். 8ஆம் வகுப்பு அலகைத் தொடங்கும்போது, அதற்கு அடியில் இருக்கும் படியைத் தேடி முதல் இரண்டு பாடவேளை அதற்குக் கொடுங்கள். 8இன் தலைப்பு, 6இன் மொழி. எழுத்தே தெரியாதவர்கள் இருந்தால் 6ஆம் வகுப்புக்குச் சொன்ன முதல் 10 நிமிட முறை இங்கேயும் சரிவரும். தவணைத் தாளைப் பிறகுதான் யோசியுங்கள். முதல் தவணையில் வகுப்புச் சராசரி 30 புள்ளியைத் தாண்டாது என்று அதிபருக்கு இப்போதே எழுத்தில் சொல்லி வையுங்கள்.

வெளியிலையிருந்து வாற பொதுத் தாள் நான் படிப்பிக்காத அலகிலையிருந்து கேக்குது. புள்ளி குறைய அதிபர் என்னைக் கேக்கிறார்.

பொதுத் தாளுக்கு ஒரு நன்மை உண்டு, உங்கள் வகுப்பை வேறு வகுப்புகளோடு ஒப்பிடலாம். உங்கள் திட்டத்தை அது அறியாது, அதுதான் குறை. மொத்தப் புள்ளியோடு அதிபரிடம் போனால் மன்னிப்புக் கேட்பது போலத்தான் இருக்கும். கேள்வி கேள்வியாக எண்ணிய அட்டவணையோடு போங்கள்: படிப்பித்த பகுதிகளுக்குரிய 58 புள்ளியில் வகுப்புச் சராசரி இவ்வளவு, படிப்பிக்காத 42இல் இவ்வளவு, அவை விடுபட்டது இந்த வாரங்களில், காரணம் இது. பாடவேளை எங்கே போனது என்பதற்கு உங்கள் பாடக்குறிப்பின் கடைசி வரிகளே சாட்சி. இரண்டு தவணை இப்படிக் காட்டினால், அடுத்த வருடம் மெய்வல்லுநர் பயிற்சிக்கு ஆங்கிலப் பாடவேளையைக் கேட்கமுன் அதிபரே யோசிப்பார்.

கிளிநொச்சிக்கு ரியூசனுக்குப் போற பிள்ளைக்கும் போகாத பிள்ளைக்கும் ஒரே தாள் குடுக்கிறது நியாயமோ?

தாள் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புள்ளிக்கு அர்த்தமில்லை. ஆனால் புள்ளியை வாசிக்கும் விதம் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. பட்டியலில் தவணைப் புள்ளிக்குப் பக்கத்தில் போன தவணைப் புள்ளியையும் எழுதுங்கள். 82இலிருந்து 80க்கு வந்த பிள்ளையையும் 19இலிருந்து 33க்கு வந்த பிள்ளையையும் பெற்றார் கூட்டத்தில் ஒரே மாதிரிப் பேசக்கூடாது. பரிசளிப்பில் கூடிய புள்ளிக்கு மட்டும் பரிசு என்றால், கூடிய முன்னேற்றத்துக்கும் ஒன்று கேட்டு வாங்குங்கள். ஒரு அகராதி வாங்கப் பழைய மாணவர் சங்கம் மறுக்காது.

பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளியைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லி மேலை இருந்து சொல்லுகினம். என்ன செய்யிறது?

கூட்டிப் போட்ட புள்ளி அடுத்த வருடம் உங்களுக்கே திரும்பி வரும்: ‘போன வருடம் 70 எடுத்த பிள்ளைக்கு ஏன் வாசிக்கத் தெரியாது?’ நேரடியாக மோதுவதை விட, ஒவ்வொரு புள்ளிக்கும் சான்றை வையுங்கள். துண்டுக் கடதாசிகள், பேச்சுப் பட்டியல், திருத்திய கட்டுரை எல்லாம் ஒரு கோவையில். ‘கூட்டுகிறேன், எந்தச் சான்றை வைத்து என்று சொல்லுங்கள்’ என்று மரியாதையாகக் கேட்கலாம். புள்ளி கூட்டத்தான் வேண்டும் என்றால், பிள்ளைக்கு அதே வேலையை இன்னொரு முறை செய்யச் சந்தர்ப்பம் கொடுங்கள். அது முறைப்படியும் சரி, பிள்ளைக்கும் பயன்.

இடமாற்றம் வந்திட்டுது. அடுத்த வருசம் ஆர் வருவினம் எண்டும் தெரியாது. இந்தத் திட்டம், புள்ளிப் பட்டியலை என்ன செய்யிறது?

கஷ்டப் பிரதேசச் சேவை முடிந்தவுடன் ஆசிரியர் போவதும், புதியவர் வர மாதங்கள் ஆவதும் இங்கே வழமை. உங்கள் பொருட்களோடு கோவையையும் கட்டிக்கொண்டு போக வேண்டாம். வகுப்புக்கு ஒரு தாள் எழுதுங்கள்: எந்த அலகு வரை வந்தது, எதை விட்டேன், மூன்று குழுவிலும் யார் யார், எந்தப் பிழை வகையில் நிற்கிறோம். பிள்ளையின் வீட்டுக் கதைகளை அதில் எழுத வேண்டாம், அது வாயால் சொல்லும் விஷயம். ஒரு பிரதி அதிபரின் அலுமாரியில், ஒரு பிரதி சேவைக்கால ஆசிரிய ஆலோசகரிடம். புதியவர் வரும்வரை பாடவேளையைப் பார்க்கப்போகும் ஆசிரியர் வேறு பாடத்தவராக இருந்தாலும் பரவாயில்லை. மௌன வாசிப்புக்குரிய புத்தகங்கள் எந்த இறாக்கையில் இருக்கின்றன, எந்தக் குழுவுக்கு எது என்று அவருக்குக் காட்டிவிட்டுப் போங்கள்.